நீலமேகத்தின் கை

மீனம்பாக்கத்தில் விமானத்துக்குப் பெட்டி இழுக்கும் டிராக்டர் என்னுடையது. கம்பெனியுடையது என்பார்கள், ஒன்பது வருஷமாக ஓட்டியவன் நான். 1974-ஆம் வருஷத்து மெடிக்கல் செக்கப் வந்தது. போன வருஷமே எனக்கு பிரஷர் நூற்றெழுபது. மறுபடி அப்படி வந்தால் டிராக்டர் கிடையாது, விமானத்துக் கம்பளிகளை மடித்து அடுக்கும் ஸ்டோர்தான் என்று சொல்லிவிட்டார்கள். கம்பளி மடிக்கவா செங்கல்பட்டிலிருந்து தினம் ரயிலேறி வருகிறேன்?

பிரஷர் உள்ளவன் இல்லாதவனைத் தன் பேரில் அனுப்புவது எங்கள் செக்‌ஷனில் நடப்பதுதான். கார்டில் போட்டோ கிடையாது. புது டாக்டர் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். பெட்டி தூக்கும் லோடர் நீலமேகத்தைப் பிடித்தேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்து ஆள். வலை இழுத்த கை. அவன் தும்மிக்கூட நான் பார்த்ததில்லை.

நாஸ்தா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். சிரித்துக்கொண்டே திரும்பினான். கார்டில் என் பேருக்கு நேரே இருநூற்றுப் பத்து. டிராக்டர் ஓட்டக்கூடாது, உடனே மாத்திரை, திங்கட்கிழமை மறுபடி செக்கப்.

“அடப்பாவி! நானே போயிருந்தா நூத்தி எழுவதோட போயிருக்குமேடா!”

“என்னாண்ட இன்னாத்துக்குக் கத்துற, தனகோடி அண்ணாத்த? உன் கார்டு, உன் பிரஷரு. இந்தா, உன் மாத்திர.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “டேய், உன் செக்கப்ல எவ்ளோ வந்துச்சு?”

“போன வாரம் மச்சினிக்குக் கண்ணாலம். எனக்கு பதிலா நம்ம செக்‌ஷன் ராஜேந்திரன் போயி கைய நீட்டினு வந்தான். நான் ஃபிட்டு.”

மாத்திரையை நீட்டினேன். அடுத்தவன் மாத்திரையைத் தின்ன எனக்கென்ன பைத்தியமா என்றான். கெஞ்சினேன், திட்டினேன், நடக்கவில்லை. மூன்றாம் நாள் பெட்டி தூக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“வெயிலு,” என்றான்.

மழை தூறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை என் பேரில் போக ராஜேந்திரனிடம் சொல்லி வைத்திருந்தேன். அவன் கை நீட்டினால் டிராக்டர் திரும்பி வந்துவிடும். திங்களும் வந்தது. ராஜேந்திரனை வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நீலமேகத்தைச் சட்டையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் முதல்முறையாக எங்கள் முகத்தைப் பார்த்தார். அவனுக்கு இருநூற்றுப் பதினெட்டு. எனக்கு நூற்றெழுபத்தாறு. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் இவன் செத்திருப்பான் என்றார்.

அவனுக்கு ஆஸ்பத்திரி, எனக்கு மெமோ. பிறகு இரண்டு பேருக்கும் கம்பளி ஸ்டோர். ஒரு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. பத்து மணிக்கு மாத்திரையை நான்தான் அவன் வாயில் போட்டு, விழுங்கும்வரை நிற்பேன்.

இப்போது என் டிராக்டரை ராஜேந்திரன் ஓட்டுகிறான். நேற்று கியரை அவன் போட்ட சத்தம் ஸ்டோர் வரைக்கும் கேட்டது. ஜன்னலில் நின்று அவன் பரம்பரையையே இழுத்துக் கத்தினேன்.

“கத்தாத அண்ணாத்த,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “நம்ம ரெண்டு பேருக்கும் பிரஷரு கீது.”

திரும்பிப் பார்த்தேன். மாத்திரையை அவனே எடுத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் தள்ளினான்.