ஒன்றரை மணிக்குள் இரண்டு காது

கப்பலடியிலிருந்து துறைமுக வாசலுக்குப் போகும் சிறிய பஸ்ஸில் திலக்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் மடியில் இலங்கை வரைபடம் ஒன்றை விரித்து வைத்திருந்தாள். குழுவாகப் போகும் சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்காமல் தாங்களாகவே போய்வரப் போவதாகச் சொன்னாள். அவன் சட்டையில் இருந்த பெயர்ப்பட்டியையும் அதன் கீழ் எழுதியிருந்த நாட்டின் பெயரையும் படித்துவிட்டு, "தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"முடியாது மேடம். மலை ரோடு. போனால் கப்பலைத் தவறவிட்டுவிடுவீர்கள். கொழும்பிலேயே மியூசியம் இருக்கிறது, அதைப் பாருங்கள்."

அவள் நன்றி சொல்லிப் படத்தை மடித்தாள். அவன் வாசலில் இறங்கிப் பெயர்ப்பட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அட்டன் பஸ்ஸைப் பிடிக்கப் புறக்கோட்டைக்கு ஓடினான்.

அப்போதே மணி எட்டரை. அவன் போட்டு வைத்திருந்த கணக்கில் இது ஏழாக இருந்திருக்க வேண்டும். கப்பலை ஆறு மணிக்கே துறையில் கட்டிவிட்டார்கள். ஆனால் பயணிகள் இறங்கி முடியும் வரை வேலைக்காரர்கள் படியிறங்க அனுமதி கிடையாது. முந்தின இரவு முழுக்கச் சலவைக்கூடத்தில் நின்று, இரண்டாயிரத்துச் சொச்சம் துவாய்களை இயந்திரத்திலிருந்து இழுத்து மடித்து, விடியற்காலை நாலு மணிக்குக் கைகழுவியவன் அப்படியே படிக்கட்டருகே போய் வரிசையில் நின்றிருந்தான். கண்ணை மூடினால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவனுக்குப் பயம். சாயங்காலம் ஆறு மணிக்குள் வேலைக்காரர்கள் கப்பலேறிவிட வேண்டும். ஏழுக்குக் கப்பல் கிளம்பிவிடும்.

இடையில் இருக்கும் நேரத்தில் அவன் அட்டனுக்குப் போய், அக்கா மகள் வினோதாவை மடியில் வைத்துக் காது குத்திவிட்டு வரவேண்டும்.

இது மூன்று வருடக் கடன். பிள்ளைக்கு முதல் மொட்டை போட்டபோது அவன் எங்கோ நார்வே பக்கம் இருந்தான். அக்கா ஜெயந்தினியின் புருஷன் வீட்டார் தங்கள் பக்கத்து ஆள் ஒருவரை உட்காரவைத்து முடித்துவிட்டார்கள். 'பொறந்த வீட்டு ஆள் இல்லாதவளுக்கு முறை ஒரு கேடா' என்று மாமியார் சொன்ன சொல்லை அக்கா அவனிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் ஒருவன்தான். "காதுகுத்துக்கு நான் வர்றேன்கா. என் மடியிலதான் குத்தணும்" என்று சொல்லியிருந்தான். கப்பல் கொழும்பில் நிற்கும் தேதி தெரிந்ததும் அக்கா பஞ்சாங்கம் பார்த்தாள். சனிக்கிழமை. ஒன்றரைக்கு எமகண்டம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் குத்தியாக வேண்டும்.

புறக்கோட்டையில் பஸ் நிரம்பி வழிந்தது. வெள்ளை உடுத்திய பெண்கள், கம்பளித் தொப்பி மாட்டிய குழந்தைகள், தலையணைகள், சாப்பாட்டுப் பார்சல்கள். ஏதோ கலியாண வீட்டுக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டான். அவிசாவளை தாண்டும்வரை நின்றபடியே தூங்கினான். ஒவ்வொரு வளைவிலும் தலை கம்பியில் மோதி விழித்தான்.

கித்துல்கலைக்கு வந்தபோது பதினொன்றே முக்கால். அங்கே பஸ் நின்றது. பத்து நிமிடமாகியும் நகரவில்லை. எட்டிப் பார்த்தான். மலை ஏறும் பக்கம் முழுக்க வேன்களும் பஸ்களும் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன. முன்னால் நின்ற பஸ்ஸின் நெற்றியில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டியிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பெப்ரவரி. சனிக்கிழமை. சிவனொளிபாதமலை சீசன். ஊரே மலை ஏற வருகிற நாள்.

அட்டனில் பிறந்தவன். சீசன் தொடங்கினால் டவுனில் நடக்க வழி இருக்காது என்று தெரிந்தே வளர்ந்தவன். பள்ளிக்கூட நாட்களில் மலைக்குப் போகிறவர்களுக்கு அவித்த சோளம் விற்றிருக்கிறான். அது எப்படி மறந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. சலவைக்கூடத்தில் ஜன்னல் இல்லை. அங்கே மாதமும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. அழுக்கு வரும், வெள்ளை போகும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு ஓட்டோவைப் பிடித்தான். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓட்டோக்காரர் வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பெயர் மஃறூப் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"அட்டனுக்கா? இண்டைக்கா? தம்பி வெளிநாடா?"

"அட்டன்தான் நானா. கப்பல்ல வேலை," என்றான். முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அதான். இல்லாட்டி இந்த நாளில கேக்க மாட்டீங்க."

ஓரங்களில் புகுந்து, வடிகான் ஓரம் சரிந்து, மஃறூப் ஓட்டோவை ஐந்தாறு கிலோமீட்டர் மேலே கொண்டுபோனார். பொல்பிட்டியப் பக்கம் போனதும் அதுவும் முடியவில்லை. மண் சரிந்த இடத்தில் பாதையில் பாதியைக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். மேலே போகும் வரிசை அசையவே இல்லை. மணி பன்னிரண்டு இருபது.

போன் அடித்தது.

"எங்கடா இருக்க?" ஜெயந்தினி.

"பொல்பிட்டிய கிட்ட. ரோடு பிளாக்காயிருச்சுக்கா. சீசன்னு ஏன்கா சொல்லல?"

"நான் சொல்லணுமா? அட்டன்ல பொறந்தவனுக்கு சீசன சொல்லணுமா? நாளைக்கு மழ பேஞ்சா நனையும்னும் சொல்லணுமாடா?" அவளுக்குப் பின்னால் நாதஸ்வர கேசட் ஓடிக்கொண்டிருந்தது. "இங்க எல்லாரும் கோயில்ல வந்து குந்தியாச்சு. மாமி இப்பவே அவுங்க தம்பி மகன மொகம் கழுவிட்டு வரச் சொல்லிட்டாங்க. ஒன்னே காலுக்கு நீ வரலன்னா அவரு மடியில வச்சுருவாங்க. நான் என்னத்தன்னு சொல்றது?"

திலக்ஷனின் உடம்பில் இருந்த இரவு முழுவதும் ஒன்றாக இறங்கியதுபோல் இருந்தது. அப்படியே ஓட்டோவின் பின்சீட்டில் சாய்ந்து தூங்கிவிடலாம், எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று ஒரு நொடி நினைத்தான்.

கேட்டுக்கொண்டிருந்த மஃறூப் வெற்றிலையைத் துப்பினார். "தம்பி, மேல போற பக்கம்தானே அடைப்பு. கீழ வாற பக்கத்தப் பாருங்க, காலி. ஒங்களால ஏற ஏலாது. அவங்களுக்கு எறங்க ஏலும். புள்ளய இங்க கொண்டாரச் சொல்லுங்க."

திலக்ஷன் அதை அப்படியே போனில் சொன்னான். கேசட் சத்தத்துக்கு மேலே மாமியாரின் குரல் தூரத்தில் கேட்டது: "ரோட்டுல வச்சா காது குத்துவாங்க? நாங்க என்ன ரோட்டுலயா கெடக்குறோம்?" அதற்கு அக்கா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. போன் துண்டிக்கப்பட்டது.

அரை மணி நேரத்துக்கும் மேல் அவன் பாதையோரம் நின்றான். கீழே ஆறு சத்தமிட்டது. எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. மஃறூப் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்தார். "சீனி கூடப் போடச் சொன்னன். நீங்க நிக்கிற நிப்புக்கு விழுந்துருவீங்க போல."

ஒன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மேலேயிருந்து ஒரு நீல ஓட்டோ சீறிக்கொண்டு இறங்கியது. பட்டுச்சேலையில் ஜெயந்தினி, அவள் மடியில் மஞ்சள் பாவாடையும் மொட்டுமொட்டாகக் கோத்த மல்லிகையுமாகப் பிள்ளை, ஓரத்தில் டவுன் நகைக்கடை ஆசாரி தன் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி.

"ஐம்பது வருஷமா காது குத்துறேன். ஆஸ்பத்திரியில குத்திருக்கேன், தோட்டத்து லயத்துல குத்திருக்கேன். ரோட்டு வளைவுல குத்துனதில்ல" என்று சொல்லிக்கொண்டே ஆசாரி இறங்கினார்.

"அத்தான் வரலையா?" என்றான் திலக்ஷன்.

"அவரு அவுங்க அம்மாவ சமாளிச்சுக்கிட்டு இருக்காரு. பேசாம ஒக்காருடா."

அவள் தம்பியை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். "என்னடா இப்படி வெளுத்துப் போயிருக்க? வெள்ளைக்காரன் துணியோட சேத்து ஒன்னயும் தோய்ச்சுட்டாங்களா?"

கடைக்காரச் சிங்களப் பெண் என்ன நடக்கிறது என்று கேட்டாள். ஜெயந்தினி சிங்களத்தில் இரண்டு வரி சொன்னாள். அந்தப் பெண் பெஞ்சில் கிடந்த பத்திரிகைகளை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து சலவை செய்த ஒரு துணியைக் கொண்டுவந்து விரித்தாள். மடிப்பைப் பார்த்ததுமே கையால் தோய்த்து வெயிலில் காயவைத்தது என்று திலக்ஷனுக்குத் தெரிந்தது. அவன் கிழக்கு எது என்று தேடி, ஆற்றுப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தான்.

"வினோ, இந்தா பாரு மாமா" என்று அக்கா பிள்ளையை அவன் மடியில் வைத்தாள்.

பிள்ளை அவன் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு தாயின் கையிலிருந்த போனைப் பார்த்தது. "மாமா அதுக்குள்ள" என்றது.

மஃறூப் வாய்விட்டுச் சிரித்தார். திலக்ஷன் சிரிக்க முயன்றான். முடியவில்லை.

கொச்சியில் வாங்கி மூன்று மாதமாகக் கட்டிலடியில் வைத்திருந்த தோட்டை எடுத்துக் கொடுத்தான். ஆசாரி அதை வெயிலில் தூக்கிப் பார்த்து, "நல்ல தோடுதான். தண்டு கொஞ்சம் தடிப்பு" என்றார். மஞ்சள் தொட்டு வலது காதில் புள்ளி வைத்தார். அந்த நேரம் மேலேயிருந்து ஹார்ன் சத்தம். கொழும்பு போகும் பஸ். திலக்ஷனின் தலை தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பியது, மடியும் அதோடு சற்று அசைந்தது, ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டது.

மஃறூப் பாதை நடுவில் போய்க் கையை விரித்து பஸ்ஸை நிறுத்திவிட்டார். "தம்பி, சீட்டும் இருக்கு! ஏறுங்க! அடுத்தது எப்ப வரும்னு சொல்ல ஏலாது!"

மணி ஒன்று பத்து. இந்த பஸ்ஸில் ஏறினால் ஐந்துக்குள் புறக்கோட்டை. ஆறுக்கு முன்னால் கப்பலில் இருப்பான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "கொளம்ப, கொளம்ப" என்று கத்தினான்.

பிள்ளை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு துள்ளியது. ஒரு காதில் தோடு, மறு காது வெறுமை. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். "அழுக கொஞ்சம் அடங்கட்டும். இப்படித் துள்ளுனா நான் கை வைக்க மாட்டேன்."

ஜெயந்தினி பஸ்ஸைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள். "நீ போடா," என்றாள். "ஒரு காது ஒன் மடியில ஆச்சுல்ல. மத்தத நான் வச்சுக்கிறேன். போ, வேல போயிரப் போகுது."

அவள் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது.

"நானா, பஸ்ஸ விடுங்க" என்றான்.

பஸ் போனது. பிள்ளை அடங்கப் பத்து நிமிடம் ஆனது. கடைக்காரப் பெண் ஒரு துண்டு கற்கண்டை வாயில் வைத்தாள். ஒன்று இருபத்தாறுக்கு ஆசாரி இடது காதில் குத்தினார். இந்தத் தடவை திலக்ஷன் எங்கும் பார்க்கவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தன் மார்போடு அழுத்திப் பிடித்திருந்தான். இரண்டு வீறல், ஒரு விக்கல், முடிந்தது. அழுது களைத்த பிள்ளை அவன் மடியிலேயே தூங்கிப்போனது. அவனும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மஃறூப் தோளைத் தட்டியபோது அடுத்த பஸ் வந்து நின்றிருந்தது. ஒன்று ஐம்பது.

அக்கா பிள்ளையை எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பார்சல் ஒன்றை அவன் பையில் திணித்தாள். பேச நேரமில்லை. "சுகமா இருக்கியாடா?" என்று பஸ் நகரும்போது கேட்டாள். அவன் தலையை ஆட்டினான்.

இந்த பஸ்ஸில் சீட் இல்லை. அவிசாவளை வரை நின்றான். கடுவலையில் நெரிசல், களனிப் பாலத்தில் நெரிசல். துறைமுக வாசலில் கடைசிச் சிறிய பஸ் போய்விட்டிருந்தது. உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடினான். படிக்கட்டில் அட்டையைத் தேய்த்தபோது திரை ஆறு மணி ஒன்பது நிமிடம் என்றது.

பாதுகாப்பு அதிகாரி எச்சரிக்கைத் தாளை எடுத்து வைத்தார். மூன்று தாள் சேர்ந்தால் ஒப்பந்தம் ரத்து, அடுத்த துறைமுகத்திலிருந்து வீடு. அவனுக்கு இது இரண்டாவது. காரணம் என்ற கட்டத்தில், வாகன நெரிசல் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டான்.

"கொழும்பிலா இவ்வளவு நெரிசல்?" என்றார் அதிகாரி.

"சனிக்கிழமை, சேர்."

சலவைக்கூடத்துக்குப் போகும் முன் கட்டிலில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தான். சர்க்கரைப் பொங்கலும் வடையும். கோயிலில் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். கப்பல் நகரத் தொடங்கியது. சிக்னல் போவதற்குள் போன் ஒரு தடவை அதிர்ந்தது. அக்காவின் குரல் பதிவு. பின்னால் வினோதா எதற்கோ அடம்பிடித்து அழும் சத்தம்.

"டேய், வந்து சேந்துட்டியா? மாமி புள்ளயத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, வலது காது ஓட்ட கொஞ்சம் மேல போயிருச்சுங்குறாங்க. ரெண்டும் ஒன்னா இல்லையாம். எந்த மடியில வச்சுக் குத்துனீங்கன்னு கேட்டாங்க. அவ தாய்மாமன் மடியிலன்னு சொன்னேன். அப்புறம் அவுங்க ஒன்னும் பேசல. சரி, நீ தூங்கு."

அவன் அதை இரண்டாம் தடவை கேட்கப் போனபோது சிக்னல் போய்விட்டது. மணி ஏழு இருபது. வேலை எட்டுக்கு. அரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றாமலே படுத்தான்.