இடப்பக்கம் இழுக்கும் வண்டி

கரி அடுப்பின் காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்த டிரைவர் பலவேசத்துக்கு வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. தோள்பட்டைக்குள் ஏதோ கொளுவிக்கொண்ட மாதிரி இருந்தது. இடது கையால் சுற்றினான். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனபின், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடும் அந்த பஸ்ஸில் எஞ்சினை ஒட்டி இடப்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயை மாட்டியிருந்தார்கள். அதில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, நன்றாகக் கனலும்வரை காற்றடித்தால்தான் எஞ்சின் கிளம்பும். சாரல் ஈரத்தில் கரி லேசில் பிடிப்பதில்லை.

"தள்ளுங்க அண்ணாச்சி, நான் சுத்துதேன்" என்று கண்டக்டர் பிச்சையா வந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டான்.

குற்றாலச் சீசன் தொடங்கியதிலிருந்தே வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கில் பிடி கொஞ்சம் தளர்ந்தால் போதும், ரோட்டை விட்டு இறங்கப் பார்க்கும். குளத்தங்கரையில் போகும்போது பலவேசம் உடம்பு முழுவதையும் வலப்பக்கம் சாய்த்துப் பிடித்திருப்பான். அங்கே இடப்பக்கம் தண்ணீர். முதலாளி வல்லிநாயகம் பிள்ளை வண்டியைத் திருநெல்வேலிக்கு அனுப்பி, முன்சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்த்து வரச் செய்தார். திரும்பி வந்த அன்று முதல் நடையிலேயே மறுபடியும் இழுத்தது.

பிள்ளையிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டார்.

"அவ்வளவு பெரிய ஒர்க்‌ஷாப்புல சக்கரம் நேரா இருக்குன்னு சொல்லிட்டான். இன்னும் இழுக்குதுன்னா உன் கையிலதாம்லே கோளாறு" என்றார். "சுந்தரபாண்டியன் பட்டாளத்துலேருந்து வந்து வீட்டுல சும்மா இருக்கான். அங்கன லாரி ஓட்டுன கை."

அன்று இரவு சாப்பிடும்போது பலவேசத்தின் மனைவி வடிவம்மாள் ஒன்றைக் கவனித்தாள். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழும்பாமல், அவன் தலையைத் தட்டுக்குக் குனிந்துகொண்டிருந்தான். அவள் எண்ணெயைக் காய்ச்சி வந்து தோளில் தேய்த்தாள். தேய்த்த இடம் கல்லாக இருந்தது.

மறுநாள் மத்தியான நடை முடிந்ததும் வண்டியைச் செங்கோட்டை ரோட்டில் இருந்த ஆதமின் கொட்டகைக்கு ஓட்டிப் போனான். ஆதம் சைக்கிளிலிருந்து லாரிவரை எல்லாம் பார்ப்பவன். முதலில் முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, ரோட்டில் கொஞ்ச தூரம் போய்வரச் சொன்னான். இழுப்பு மாறவில்லை.

"அப்பம் பிரேக்குதான் ஒட்டிக்கிட்டு நிக்கும்" என்று ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினான். அது தடையில்லாமல் சுற்றியது. ஆதம் தாடியைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தபடி நின்றான். பிறகு கொட்டகைக்குள் போய் ஒரு கயிறு எடுத்துவந்தான்.

"இந்த நுனியப் புடியும்."

வலப்பக்கத்தில் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை கயிற்றை இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டான். அதே கயிற்றை இடப்பக்கத்தில் பிடித்தார்கள். முடிச்சு பின்சக்கர நடுவைத் தாண்டி நின்றது. இடப்பக்கம் இரண்டு விரற்கடை குறைவு.

ஆதம் வண்டிக்கடியில் போய்ப் படுத்தான். சேறு படாமலிருக்க இடது ஸ்பிரிங்கைச் சுற்றித் தைத்திருந்த சாக்கை அறுத்தான். சேறும் கிரீஸுமாகக் கொத்துக் கொத்தாக விழுந்தது. உள்ளே அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளில் இரண்டு உடைந்திருந்தன. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டும் அறுந்து, முன் அச்சு அந்தப் பக்கம் பின்னுக்கு நகர்ந்திருந்தது.

"பீப்பாய் கனம் இந்தப் பட்டையிலல்லா உக்காந்திருக்கு" என்றான் அடியிலிருந்தபடியே. "சக்கரம் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேராத்தான் இருக்குவே. அச்சே கோணி நிக்குது."

பலவேசம் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். "அப்பம் என் கையில ஒண்ணும் இல்லல்லா?"

"உம்ம கை இருக்கப்போயித்தான் இது குளத்துக்குள்ள எறங்காம நிக்குது."

பலவேசம் துண்டால் முகத்தைத் துடைத்தான். பிச்சையாவை அனுப்பி முதலாளியைக் கூட்டிவரச் சொன்னான்.

பிள்ளை குடையை மடக்கிக்கொண்டு வந்து, வேட்டியில் கரி படாமல் குனிந்து பார்த்தார். ஆதம் உடைந்த பட்டையில் விரலை வைத்துக் காட்டினான்.

"புதுப் பட்டை போடாம எடுக்கக்கூடாது மொதலாளி."

"பட்டைக்கு எங்கன போக? மெட்ராஸுலயே இல்லைங்கான். இந்தச் சீசனை விட்டா வருசம் பூரா எனக்கு என்ன வருமானம்? அச்சை நெம்பி வச்சு, கம்பியப் போட்டு இறுக்கிக் கட்டு."

"கட்டுனாலும் நகந்துரும்."

"நகந்தா திரும்பக் கட்டு."

பிறகு பலவேசத்தின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "நீ சொன்னது சரிதாம்லே. வண்டிதான் இழுக்குது."

பலவேசம் தலையை ஆட்டினான்.

"அப்பம் இதப் புடிச்சு ஓட்ட தெம்பான ஆளுல்லா வேணும்? உனக்குத் தோளு போயிட்டு. பிச்சையா சொன்னான், காத்தாடியே சுத்த முடியலையாமே. வீட்டுல இருந்து வைத்தியம் பாரு. சரியானா வா, பாப்போம்."

பிச்சையா கீழே கிடந்த சாக்கைப் பார்த்தபடி நின்றான். கம்பி கட்டி முடிக்கும்வரை பலவேசம் அங்கேயே இருந்தான். ஆதம் கேட்டபோதெல்லாம் இடது கையால் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் ஸ்டாண்டுக்குப் போய், வண்டி ஓட்ட வந்திருந்த சுந்தரபாண்டியனைப் பார்த்தான். குண்டுச் சத்தத்தில் அவனுக்கு ஒரு காது மந்தமாகியிருந்தது. கல்யாணமாகாத இரண்டு தங்கச்சிகள் வீட்டில் இருந்தார்கள். அவன் பலவேசத்தின் முகத்தைப் பார்க்காமல், "எங்கன ரொம்ப இழுக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"குளத்தங்கரை வளைவுல. வளைவுக்கு முன்னாடியே புடிச்சுக்கணும். வந்தப்புறம் புடிச்சா வராது."

"என்னது?"

பலவேசம் மற்றக் காதுப் பக்கம் போய் இன்னொரு தடவை சொன்னான்.

பிறகு குற்றாலம் ரோட்டில் நடந்தான். மேலகரத்தில் சுளுக்கு எடுப்பவர் ஒருவர் இருந்தார். சாரல் பொடியாகத் தூவிக்கொண்டிருந்தது. ரோட்டின் இடது ஓரம் ஊறிச் சகதியாகிக் கிடந்தது. பாதி தூரம் போயிருப்பான், பின்னால் ஹார்ன் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டென்று ரோட்டை விட்டு வயலுக்குள் இறங்கி, நாற்றுகளுக்கு நடுவே முழங்கால் சேற்றில் நன்றாக உள்ளே தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

பஸ் கரிப்புகையோடு அவனைத் தாண்டியது. உள்ளே, குளிக்கப் போகிறவர்கள் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. சுந்தரபாண்டியன் வலப்பக்கமாகச் சாய்ந்து ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டிருந்தான். ஓரத்துச் சகதியில், சற்றுமுன் பலவேசம் நடந்து வந்த காலடிகள்மேல், டயர்த் தடம் விழுந்துகொண்டே போயிற்று.