கீழ்க்கணக்குப் பீலி முதலிடம் பிடித்த கதை

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே கந்தப்பன் நடத்தும் தங்குவிடுதியின் பின்பக்கத்துக்கு, இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு ஓர் அருவி வந்து சேர்ந்தது. முந்தின நாள் வரை அங்கே ஒரு மொட்டைப் பாறையும், சமையற்கட்டிலிருந்து வீசிய முட்டை ஓடுகளும்தான் கிடந்தன. கந்தப்பன் பிரஷ்ஷும் நுரையுமாக வெளியே வந்து பார்த்தார், அருவியிலேயே வாய் கொப்பளித்தார், "வரும்னு எனக்குத் தெரியும்" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. ஐம்பத்தைந்து வயதுவரை பழைய டயர் விற்றுவிட்டு, வெள்ளைக்காரர்களின் மனதை அறிந்தவன் நான் ஒருவன்தான் என்று திடீரென்று நம்பத் தொடங்கிய மனிதர் அவர்.

அருவியைக் கொண்டுவந்தது விஜிதரன் என்று விஜிதரனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஹட்டனில் ஆறு வார வகுப்புக்குப் போய்வந்து, இணையதளங்களைத் தேடுபொறியில் மேலே ஏற்றித் தருபவன் என்று அட்டை அடித்து வைத்திருந்தான். மேலே ஏற மூன்று விஷயம் வேண்டுமாம்: பக்கத்தில் எழுத்து, மற்றவர்களின் பக்கங்களிலிருந்து தொடுப்பு, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கோட். அவனுக்குத் தெரிந்ததும் அந்த மூன்று பெயர்கள்தான். உலகம் நீர்வீழ்ச்சியைத் தேடுகிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சொல்லை விடுதியின் இணையப் பக்கத்தில் நாற்பது இடத்தில் நுழைக்கச் சொன்னான். "இங்க நீர்வீழ்ச்சியே இல்லையே சேர்" என்று கேட்டவள் சுதர்ஷினி மட்டும்தான். விடுதியில் அறைப்பதிவு பார்த்த அவள், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த பெண். உயர்தரம் படித்தவள் என்பதால் எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது. இல்லாத அருவியை எதை வைத்து எழுதுவது? மலை ஓடையைத் தகரக் குழாயில் திருப்பி, லயத்தின் இருபத்திரண்டு வீடும் குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் வைத்திருந்த பீலியை நினைத்துக்கொண்டு எழுதினாள். பாசிக் கல், விடியற்காலையில் அது விழும் சத்தம், கை வைத்தால் எலும்புவரை ஏறும் குளிர், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தாள்.

விடுதியின் பக்கம் எண்பதாவது இடத்தில் இருந்தவரை ஒன்றும் நடக்கவில்லை. இருபதுக்கு வந்தபோது பீலியில் குடம் நிறைய இரண்டு பங்கு நேரம் பிடித்தது. ஆறாம் இடத்துக்கு வந்த அன்று கந்தப்பனின் பாறை வியர்த்தது. முதலிடம் கிடைத்த செவ்வாய்க்கிழமை பீலி அடியோடு நின்றது. அதன் பிறகு லயத்துப் பெண்கள் ஒன்றரை மைல் இறங்கி ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் பிந்திப் போய், வேலை வாங்கும் கண்டாக்கிடம் ஏச்சு வாங்கினார்கள், பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறியோடு பள்ளிக்கூடம் போனார்கள். தோட்ட நிர்வாகம் ஒருவரை அனுப்பி விசாரித்தது. ஓடை அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது, ஆகவே முறைப்பாட்டுக்கு இடமில்லை என்று அவர் இரண்டு வரியில் எழுதி, கந்தப்பன் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

தன் எழுத்துதான் தண்ணீரை இழுத்துப் போனது என்று சுதர்ஷினிக்கு முதல் நாளே புரிந்தது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடும்படி கந்தப்பனிடம் கெஞ்சினாள். "மொதலாவதா வந்தத எவனாவது எறக்குவானா? ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று கேட்டு அவர் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். அவள் தன் ஃபோனிலேயே லயத்துக்கென்று ஒரு பக்கம் செய்து, விஜிதரன் சொல்லித் தந்தபடியே நீர்வீழ்ச்சி என்று நாற்பது முறை எழுதினாள். அது தொண்ணூற்று நாலாம் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒன்றரை வருஷம் எதை மாற்றி எழுதியும் அசையவில்லை. ஒருநாள் அடுப்படியில், "பெரிய எடத்துத் தொடுப்பு இல்லாம மேல வர முடியாதும்மா" என்று தாய் அழகம்மாவிடம் வாய்விட்டு அழுதாள். லயத்தில் தொடுப்பு என்றால் கள்ள உறவு என்று ஒரே அர்த்தம்தான். அழகம்மா அகப்பையாலேயே இரண்டு வைத்தாள். பிறகு விஷயம் விளங்கி, ஃபோனைக் கையில் வாங்கி, மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"நீர்வீழ்ச்சி, நீர்வீழ்ச்சினு யாருடி அது? நம்ம பீலிக்கு அப்படி ஒரு பேரே கெடையாது. பேரச் சொல்லாமக் கூப்பிட்டா எப்படி வரும்?"

சுதர்ஷினி நாற்பது இடத்திலும் பீலி என்று மாற்றினாள். பீலிக்காகப் போட்டி போட உலகத்தில் ஒரு விடுதியும் இல்லாததால், பக்கம் மறுநாளே முதலிடத்துக்கு வந்தது. "பீலிய எவன் தேடப் போறான் தங்கச்சி?" என்று விஜிதரன் சிரித்தான். கொழும்புக் கடைகளில் நிற்கும் லயத்துப் பிள்ளைகள் தேடினார்கள், கட்டாரில் இருப்பவர்கள் தேடினார்கள். கோயில் திருவிழாப் பக்கமும், மஸ்கெலியாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் றிஷாத்தின் பக்கமும் தொடுப்புக் கொடுத்தன. நாலாம் நாள் குழாய் இருமியது, கொஞ்சம் துரு துப்பியது, பிறகு பழையபடி கொட்டியது. அந்த நேரத்தில் கந்தப்பனின் அருவி அவர் பார்த்துக்கொண்டிருக்கவே போய்விட்டது.

விடுதிக்கு இதனால் நட்டம் ஏதும் இல்லை. நீர்வீழ்ச்சி என்று தேடினால் இன்றும் கந்தப்பன்தான் முதலில் வருகிறார். வருகிறவர்கள் காய்ந்த பாறைக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்துப் படம் எடுத்து, அற்புதமான அருவி என்று ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். நனையவில்லையே என்று ஒருவர்கூட இதுவரை கேட்கவில்லை. விஜிதரன் தலவாக்கலையில் வகுப்பு நடத்துகிறான்.

லயத்தில் ஃபோனில் பீலி என்று தேடுவதற்கு முறை வைத்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு ஒரு வீடு. தேட மறந்த அன்று தண்ணீர் நூலாகிவிடுகிறது, அவ்வளவுதான். இந்த வெள்ளிக்கிழமை அழகம்மாவின் முறை. அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் ஃபோனை வாயருகே பிடித்து, "ஏய் பீலி, எங்க போய்த் தொலஞ்ச? வா இங்க!" என்று கத்துகிறாள். தண்ணீர் வருகிறது. அவள் குடத்தை நகர்த்தி வைக்கிறாள்.