ஈவாஞ்சலின் போட்ட சட்டம்

1

ஒளிப்பானேன்? இது கதையாகப் பிறக்கவில்லை, துண்டுப்பிரசுரமாகத்தான் பிறந்தது. தூத்துக்குடியில் வக்கீலாக இருக்கும் என் சிநேகிதி சண்முகசுந்தரி, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் மாட்டுகிறவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது, தற்காத்துக்கொள்ள என்ன வழி என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். சட்ட உதவி முகாமில் கொடுப்பதற்காம். படித்தால் புரிய வேண்டும், தூக்கம் வரக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை.

நான் எழுதிய முதல் வாக்கியம் இது:

[மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி, நூறு மில்லி இரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டும் எவரும், முதல் முறையானால் ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ]

வாக்கியம் கரை சேருமுன் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. சட்டம் சரிதான். ஆனால் அதற்குள் ஆள் நடமாட்டமே இல்லை. அதனால் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

2

முதலில் வந்தவன் ரோச். துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவர்.

[அன்று ரோச்சின் கண் சிவந்திருந்தது. சட்டைப் பையில் இருந்து எட்டிப் பார்த்த]

நிறுத்திவிட்டேன். கண் சிவந்த லாரிக்காரனைப் பார்த்ததுமே நீங்கள் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். நானும் எழுதிவிடுவேன். பாவம் ரோச், வந்த வழியே திருப்பி அனுப்பினேன்.

அப்புறம்தான் விஜிலா வந்தாள். கீழவைப்பார்க்காரி. கரையில் வந்து இறங்கும் மீனை ஐஸ் பெட்டியில் அடைத்துக் குட்டியானையில்* ஏற்றி, காலையில் திரேஸ்புரம் ஏலத்துக்குக் கொண்டு சேர்ப்பவள். புருஷன் வளன் கப்பல் வேலைக்காரன், வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். இவளுக்குப் பெண்குழந்தை பிறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. லைசென்ஸ் போனால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வேறு யாராவது மீனை ஏற்றிப் போவார்கள். ஒரு தடவை கைமாறிய சரக்கு நடை அந்தக் கரையில் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்தக் கதையில் பணயம் அதுதான். நடுவில் நான் நிறையப் பேசுவேன், நீங்கள் அதை மறந்துவிடாதீர்கள்.

* குட்டியானை: சிறிய சரக்கு வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர். கம்பெனிக்காரன் வைத்த பெயரை யார் கண்டது?

3

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருக்கிறாள். மாமியார் ஈவாஞ்சலின். கூடையில் மீன் சுமந்து விற்று வளனைப் படிக்கவைத்துக் கப்பலேற்றியவள். அவள் கணக்கில் பிள்ளை பெற்றவள் ஒரு வருஷம் வரை பச்சை உடம்புக்காரிதான். பச்சை உடம்புக்குப் பிராந்தியில் முட்டையை அடித்து, மிளகுத்தூள் தூவிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு அவள் மாமியார் கொடுத்தாள், விஜிலாவுக்கு இவள் கொடுக்கிறாள். அதிலும் விஜிலா ஐஸிலேயே கை வைக்கிறவள். தாய்க்குச் சளி கட்டினால் பிள்ளைக்கு இறங்காதா? பால் கொடுக்கிறவளுக்கு இதெல்லாம் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதற்கு, அந்தப் பிள்ளை இன்னும் கல்யாணமே கட்டவில்லை என்று ஒரே பேச்சில் மருத்துவ சாஸ்திரத்தை முடித்துவைத்தாள் ஈவாஞ்சலின்.

விஜிலா தினமும் சாயந்திரம்தான் அதைக் குடிப்பாள். ஒரு நாள் குழந்தை விடாமல் அழுததில் மருந்து விட்டுப்போயிற்று. மறுநாள் காலையில் அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள். ஈவாஞ்சலினுக்கு மனசு ஆறவில்லை. தம்ளரோடு ஓடிவந்து வண்டி ஜன்னல் வழியாக நீட்டினாள். விஜிலா ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். வெறும் வயிறு.

ஊரைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் ஏறுகிற இடத்தில் போலீஸ் நின்றது. எஸ்.ஐ. லிங்கராஜ் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, குடித்திருக்கிறாயா என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றாள் விஜிலா.

அவள் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவளுக்குக் குடி என்றால் கடை வாசல், குடி என்றால் அவள் அப்பா வேட்டி நழுவிக் கிடந்த மணல். தம்ளரில் வந்தது மருந்து. அந்தக் கரையில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான், இதே முகத்தோடுதான் சொல்லியிருப்பாள்.

பிறகு மெஷினில் ஊதச் சொன்னார்கள். ஊதினாள். மெஷினுக்குப் பச்சை உடம்பு, பழுத்த உடம்பு எல்லாம் தெரியாதே. அளவு எல்லையைத் தாண்டி நின்றது.

4

[லிங்கராஜின் மீசை துடித்தது. "பொம்பளையா நீ?" என்று]

இதையும் அடித்துவிட்டேன். போலீஸ்காரரைக் கெட்டவராக்கினால் கதை வழுக்கிக்கொண்டு ஓடும். உண்மையாக எழுதிப் பார்த்தபோது அவர் மெஷினைப் பார்த்தார், விஜிலாவைப் பார்த்தார், கண்ணாடியோரம் காய்ந்துகொண்டிருந்த குழந்தைத் துணியைப் பார்த்தார். கொஞ்ச நாளுக்கு முன்னால் அதே சாலையில், குடித்தவன் ஓட்டிய வேன் ஒரு சைக்கிள்காரரை அடித்துப் போட்டிருந்தது. அந்த உடம்பைத் தூக்கியவர்களில் லிங்கராஜும் ஒருவர். அதற்குப்பின் அவர் யாருக்கும் பாவம் பார்ப்பதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

ஆனால் ஒரு தவறு செய்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை ஊதுகிறேன் என்று விஜிலா கேட்டாள். பின்னால் வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. எல்லாவற்றையும் கோர்ட்டில் சொல்லிக்கொள் என்று லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, கேஸ் முடியும்வரை ஓட்டுவதற்கு ஒரு ரசீதைக் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரத்தம் எடுக்கவும் இல்லை. அன்றைக்கு மட்டும் அவளை ஓட்டவிடவில்லை; ஊரிலிருந்து ஒரு பையன் வந்து மிச்சத் தூரம் வண்டியை ஓட்டிப் போனான்.

5

துண்டுப்பிரசுரத்துக்கு வேண்டிய விஷயம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. முகாமில் இதை மட்டும் கிழித்துக் கொடுத்தால் போதும் என்று சண்முகசுந்தரியிடம் சொல்லியிருக்கிறேன்.

மாமியாரும் மருமகளும் குழந்தையோடு அவள் அலுவலகத்துக்கு வந்தார்கள். நடந்ததைக் கேட்டுக்கொண்டு சண்முகசுந்தரி நிதானமாக விளக்கினாள். எதற்காகக் குடித்தாய் என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. மருந்தா, விருந்தா, துக்கமா, எல்லாம் அதற்கு ஒன்றுதான். எவ்வளவு என்று மட்டும்தான் கேட்கும். ஆனால் அந்த எவ்வளவை ஒழுங்காக நிரூபிக்க வேண்டியது போலீஸின் வேலை. அப்போதுதான் குடித்தவர் ஊதினால் வாயில் மிச்சமிருப்பதும் சேர்ந்து அளவு ஏறித் தெரியும். கால் மணி நேரமாவது விட்டு, வாய் கொப்புளிக்கவைத்து, மறுபடி ஊதவைத்தார்களா? மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? சந்தேகம் இருந்தால் இரத்தம் எடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறதே, எடுத்தார்களா? தற்காப்பு என்றால் இந்தக் கேள்விகள்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடியும் என்று கோர்ட் வாசலில் ஆளுக்கு ஆள் சொல்வார்கள். லைசென்ஸும் சேர்ந்து முடியலாம் என்பதைச் சொல்லமாட்டார்கள்.

ஈவாஞ்சலினுக்கு இதில் பாதிதான் காதில் விழுந்தது. அவள் வேறொரு முடிவோடு வந்திருந்தாள்.

"கூண்டுல நான் ஏறுதேன். நான்தான் ஊத்திக் குடுத்தேன்னு சொல்லுதேன். எம் மேல கேஸ் போடட்டும், அந்தப் பிள்ளைய விட்டுரட்டும்."

"அம்மா, நீங்க ஏறி அதைச் சொன்னா அரசாங்க வக்கீலுக்கு வேற சாட்சியே வேண்டாம்" என்றாள் சண்முகசுந்தரி.

மருமகளைக் காப்பாற்ற வந்த உண்மை மருமகளையே மாட்டிவைக்கும் என்பது விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியதும் ஈவாஞ்சலினின் முகம் சுருங்கிவிட்டது. அப்படியென்றால் பைபிள்மேல்* கைவைத்துப் பொய் சொல்ல வேண்டுமா, அது பாவமில்லையா என்று கேட்டாள். பொய்யும் வேண்டாம், கூண்டும் வேண்டாம், நிரூபி என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது பொய்யாகாது, அது சட்டம் கொடுத்த உரிமை என்றாள் வக்கீல்.

* கோர்ட்டில் பைபிளை நீட்டுவதெல்லாம் சினிமாவில்தான். சண்முகசுந்தரி ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பு இது.

அத்தோடு இந்தப் பகுதியை முடித்துக்கொள்ள நினைத்தேன். அப்போதுதான் விஜிலா பேசினாள். சொல்லப்போனால், அவள் பேசும்வரை இது எனக்கும் தெரியாது.

"அக்கா, போலீஸ் நிக்கதுக்கு முன்னால ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. பிரேக் அடிச்சேன், வண்டி நின்னுட்டு. ஆனா பின்னால ஐஸ் பெட்டி வந்து இடிச்சுது. எப்பவும் இடிக்காது. அன்னைக்கு நான் நிதானத்துலதான் இருந்தேனான்னு எனக்கே தெரியல."

[ஆட்டுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடப் பிள்ளை என்று எழுதிப் பார்த்தேன். அதற்குமேல் எழுத முடியவில்லை. ஆடே இருக்கட்டும்.]

சண்முகசுந்தரி பேனாவை மூடிவைத்தாள். "இதைக் கோர்ட் உங்கிட்ட கேக்காது விஜிலா. நீயே உன்னையக் கேட்டுக்கிட்டே பாரு, அது நல்லது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே."

எனக்கு விஜிலாவைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். வெல்லக்கூடிய வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டை நினைத்துக் கலங்குகிறவளை எப்படிப் பிடிக்காமல் போகும்?

6

அன்றைக்கு வீடு திரும்பியதும் ஈவாஞ்சலின் நேரே உள்ளே போனாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிட்டு இருந்தாள். எழுந்தபோது ஒரு சட்டத்தோடு எழுந்தாள்.

"ஏளா, இனிமே வண்டிச் சாவி எங் கைக்கு வந்தாத்தான் மருந்து உங் கைக்கு வரும். குடிச்சிட்டேன்னா மறுநா மத்தியானம் வரைக்கும் சாவி எங்கிட்ட. மாதா மேல ஆணை."

பிரிவு இல்லை, உட்பிரிவு இல்லை. சிறை, அபராதம் ஒன்றும் இல்லை. விஜிலா மாமியாரைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள். மறுநாள் காலையில் நடை இருக்கிறது. வண்டிக்காரி சாவியை விடுவாளா? வேண்டாம் மாமி என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். பிராந்திப் புட்டி அலமாரியில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. டாக்டரம்மாவால் முடியாததை மாமியாரின் பிடிவாதமே செய்து முடித்தது. அதற்காக விஜிலாவுக்குச் சளி கட்டவும் இல்லை.

இதைப் படித்த சண்முகசுந்தரி, உன் 185ஆம் பிரிவை எடுத்துவிட்டு இதையே துண்டுப்பிரசுரத்தில் போட்டுவிடலாமே என்றாள். வழக்கில் மாட்டாமலிருக்க இதைவிட நல்ல தற்காப்பு அவளுக்கும் தெரியாதாம்.

7

முடிவு பாக்கியிருக்கிறது. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) விஜிலா குற்றத்தை மறுக்கிறாள். விசாரணையில் சண்முகசுந்தரி லிங்கராஜைக் குறுக்கு விசாரணை செய்கிறாள். இரண்டாவது தடவை ஊதவைக்கவில்லை என்று அவர் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். வழக்கு நிற்காமல் விஜிலா விடுதலையாகிறாள். கரையில் வெடி போடுகிறார்கள்.

[வெடி வேண்டாம்.]

(ஆ) விஜிலா ஒப்புக்கொள்கிறாள். லைசென்ஸைச் சில மாதம் நிறுத்திவைக்கிறார்கள். அதுவரை தெரிந்த ஒருவன் வண்டியை ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நடை கைமாறாமல் பார்த்துக்கொள்கிறாள். ஆடு கனவில் வருவதில்லை.

முதலாவதை எழுதியபோது ஆடு என்னை முறைத்தது. இரண்டாவதை எழுதியபோது, நிரூபிக்காத குற்றத்துக்கு ஏன் என் கட்சிக்காரி தண்டனை வாங்க வேண்டும் என்று சண்முகசுந்தரி முறைத்தாள். அதனால் எது நிச்சயமாக நடந்ததோ அதை மட்டும் சொல்கிறேன்.

வாய்தா அன்று காலையில் விஜிலாதான் வண்டி ஓட்டி வந்தாள். பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஈவாஞ்சலின். கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியதும், கேட்காமலே சாவியை எடுத்து மாமியார் கையில் வைத்தாள் விஜிலா. ஈவாஞ்சலின் பதறிப்போனாள்.

"என்னளா, இங்கன வச்சா மருந்து கேக்க?"

விஜிலா சிரித்தேவிட்டாள். வழக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் எழுதவில்லை.

"மருந்துக்கு இல்ல மாமி. அவுங்க என்ன வேணா சொல்லட்டும். உள்ள போயிட்டு வந்து உங்ககிட்டதான் கேப்பேன். ஓட்டலாம்னு உங்களுக்குத் தோணினா குடுங்க."

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். விஜிலா மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். பிறகு ஒரு பதில் சொன்னாள். அதை நான் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி

வெளியே மரத்தடியில் ஈவாஞ்சலின் நிற்கிறாள். இடுப்பில் பேத்தி, கையில் சாவி. பேத்தி சாவியைப் பிடுங்கி வாயில் வைக்கப் பார்க்கிறாள். படியிறங்கி விஜிலா வருகிறாள். முகத்தில் பயம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். கிட்டே வந்து, மாமியார் முன்னால் கையை நீட்டுகிறாள்.

இப்போது சாவி உங்கள் கையில் இருக்கிறது. கொடுப்பீர்களா?