பன்னிரண்டடி மூன்று அங்குலம்

டெல்வின் ஊரில் ஃபுட்பால் மைதானத்துக்குப் புது ஸ்கோர்போர்டு வேண்டுமென்றால் பள்ளிக் குழு ஒரே கூட்டத்தில் கையைத் தூக்கிவிடும். பேண்டுக்கு ஒரு டிரம் தோல் மாற்ற வேண்டுமென்றால் மூன்று கூட்டம் மூக்கால் அழும். அணிவகுத்து வாசிக்கும் பிள்ளைகள் மொத்தம் நாற்பத்தெட்டு பேர். அவர்கள் தோளில் சுமக்கும் பெரிய குழல்களில் பாதி, அவர்களுடைய அப்பாக்கள் படித்த காலத்தவை. மீதிச் செலவுக்கெல்லாம் பெற்றோர் சங்கம்தான் கதி. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் நாச்சோ, சனிக்கிழமை காலையில் கொலாச்சி ரொட்டி, மாதம் ஒருமுறை சுட்ட மாட்டிறைச்சிச் சாப்பாடு என்று விற்றே ஓட்டுவார்கள். இப்படிப்பட்ட பேண்டு இந்த வருஷம் வட்டாரப் போட்டியைத் தாண்டி மண்டலப் போட்டிக்கு வந்துவிட்டது. அதில் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. அந்த ஊர்ப் பள்ளி ஒருநாளும் மாநிலம் போனதில்லை.

ராய்ஸ் குபேனாவுக்கு இரண்டு வருஷம் முன்பு வரை இதெல்லாம் காதில் விழுந்த சேதி மட்டும்தான். எண்ணெய்க் கிணற்றில் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்று இருந்தவன். மகள் டெஸ்ஸா டிரம்பெட் வாசிக்கிறாள் என்பது தெரியும், எப்படி வாசிக்கிறாள் என்பது தெரியாது. பிறகு ஒரு நாள் கிணற்றடியில் சங்கிலி நழுவி, இடது கையில் மூன்று விரல்களை வாங்கிக்கொண்டு போனது. நஷ்டஈடு வந்தது, வேலை போனது. ராய்ஸ் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவன், உட்கார்ந்தே இருந்தான்.

அந்த இரண்டு வருஷமும் வீட்டில் எல்லோரும் முட்டைமேல் நடப்பதுபோல நடந்தார்கள். அவன் கை நீட்டுகிறவன் இல்லை. ஆனால் ஒரு சொல் பொறுக்கமாட்டான். ஒரு தடவை மனைவி லோர்னா, அவன் ஒன்றரைக் கையால் செய்து மாட்டிய கேட்டைப் பார்த்து, சரியாக மூடமாட்டேன் என்கிறதே என்று சும்மா சொல்லிவிட்டாள். அவன் எழுந்து போய், அந்தக் கேட்டைப் பிக்கப் வண்டியில் கட்டிப் பிடுங்கி ஓடைக்குள் எறிந்துவிட்டு வந்தான். மூன்று வாரம் யாரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது கோணலாக இருந்தாலும் எல்லோரும் நேராக இருப்பதாகவே பார்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் பேண்டு ஆசிரியர் எஸ்கமியா வீடு தேடி வந்தார். இந்த வருஷ நிகழ்ச்சி காற்றைப் பற்றியது, நாலு காற்றாலைகள் வேண்டும், மைதானத்தில் பிள்ளைகளே தள்ளிக்கொண்டு போகிற மாதிரி, பணம் கிடையாது. இவ்வளவுதான் அவர் சொன்னது. ராய்ஸ் முடியாது என்று சொல்லி அனுப்பினான். இரண்டு நாள் கழித்துப் பழைய இரும்புக் கிடங்குக்குப் போய், துருப்பிடித்த குழாய்களைக் கொண்டுவந்து கொட்டகையில் போட்டான். வெல்டிங் சத்தம் கேட்டு லோர்னா சமையலறையில் நின்றபடியே அழுதாள் என்று பிற்பாடு யாரோ அவனிடம் சொன்னார்கள்.

காற்றாலைகள் நிஜமாகவே நன்றாக வந்தன. காற்றடித்தால் இறக்கைகள் சுற்றின. விதிப்படி மைதானத்துக்குள் கொண்டுபோகும் எதுவும் பன்னிரண்டு அடிக்குமேல் போகக்கூடாது, சக்கரத்தோடு சேர்த்து. அவன் செய்தவை பதினோரு அடி பத்து அங்குலம். வட்டாரப் போட்டியில் பரிசோதகர் கோல் வைத்து அளந்து, தலையாட்டி அனுப்பினார். ஆனால் ஆட்டத்தின் நடுவில் ஒரு காற்றாலையின் குட்டிச் சக்கரம் புல்தரை மடிப்பில் மாட்டிக்கொண்டது. இரண்டு பெண்கள் உயிரைக் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை. ஒரு வரிசையே திக்குமுக்காடியது. மயிரிழையில்தான் தப்பித்து மேலே போனார்கள்.

ராய்ஸுக்கு அது பொறுக்கவில்லை. ஒரே வாரத்தில் குட்டிச் சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, தோட்ட வண்டிகளுக்குப் போடுகிற காற்றடைத்த பெரிய சக்கரங்களை நாலு காலுக்கும் தாங்கி வைத்து மாட்டினான். இனி விரலால் தள்ளினாலே ஓடும். விசிலடித்துக்கொண்டே வேலை செய்தான். அது அவனுக்கே தெரியாது. சக்கரத்தை மாற்றியவன் உயரத்தை மறந்தான். அளந்தாகிவிட்டது, தேறியாகிவிட்டது என்பதே அவன் மனதில் இருந்தது. இரும்பைத் தொட்டுப் பிழைத்தவன் செய்யக்கூடிய பிசகா என்று கேட்டால், ஆமாம், அவன்தான் செய்வான். தன் கையால் செய்ததை எவன் இரண்டாம் தடவை அளப்பான்?

மண்டலப் போட்டி சனிக்கிழமை காலையில். மைதானத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடம் முழுக்கப் பள்ளிப் பேர் எழுதிய நீள நீள லாரிகள். டெல்வின்காரர்கள் வாடகைக்கு எடுத்த மரச்சாமான் வண்டியில் வந்து இறங்கினார்கள். பிள்ளைகள் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்க, அம்மாக்கள் தொப்பிகளில் வெள்ளை இறகுகளைச் செருகிக்கொண்டே போனார்கள். லோர்னா டெஸ்ஸாவின் தொப்பியில் செருகும்போது அவள் கன்னத்தை ஒரு தடவை தட்டினாள். டெஸ்ஸாவுக்கு இது கடைசி வருஷம். நடுப்பகுதியில் தனியாக வாசிப்பவள் அவள்தான். இரண்டாவது காற்றாலைக்குப் பின்னால் மறைந்து நின்று, இசை அடங்கும்போது வெளியே வந்து, நாற்பது நொடி ஒற்றை டிரம்பெட். அதைக் கேட்கத்தான் ராய்ஸ் வந்திருந்தான்.

நுழைவாயிலில் அளவுகோலோடு நின்ற பரிசோதகர் ஓர் அம்மாள். முப்பது வருஷம் பேண்டு நடத்தி ஓய்வு பெற்றவர். முதல் காற்றாலைக்குப் பக்கத்தில் கோலை நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். மற்ற மூன்றையும் அளந்துவிட்டு எஸ்கமியாவிடம் வந்தார்.

"பன்னிரண்டடி மூணு இன்ச் இருக்கு சார். நாலுமே."

ராய்ஸ் முன்னால் வந்தான். குனிந்து சக்கரங்களைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. மூன்று அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு எட்டு அங்குலச் சக்கரம் போட்டால் ஐந்து அங்குலம் ஏறாமல் எங்கே போகும்? இதைச் சின்னப் பிள்ளை சொல்லும்.

வாயிலுக்குள் போக இன்னும் ஒன்பது நிமிஷம். சக்கரத்தைக் கழற்றினால் அறுபத்துநாலு போல்ட்டு. கழற்றினாலும் தள்ள முடியாது. உச்சியில் எல்லாம் வெல்டிங். அவன் யாரிடமும் எதுவும் கேட்காமல் தரையில் மண்டியிட்டான். சக்கரத்தின் வால்வைத் திறந்து, சாவி முனையால் அமுக்கிக் காற்றைப் பிடுங்கிவிட ஆரம்பித்தான். பதினாறு சக்கரம். மற்ற அப்பாக்களும் புரிந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கையுறையோடு விறைத்து நின்று, பெரியவர்கள் தரையில் தவழ்வதைப் பார்த்தார்கள். காற்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அம்மாள் பொறுமையாகத் திரும்பவும் கோலை வைத்தார். ஓர் அங்குலம் இறங்கியிருந்தது.

"என்னை மன்னிச்சிருங்க. நானும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு இதே வாசல்ல நின்னவதான். இதுக்கு மேல என்னால கண்ணை மூடிக்க முடியாது" என்றார். உள்ளே கொண்டுபோனால் தகுதி நீக்கம். வெளியே விட்டுவிட்டுப் போனால் வாசிக்கலாம். எஸ்கமியா ராய்ஸைப் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் திரும்பி, காற்றாலை இல்லாமல் ஆடப்போகிறோம், அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும், நடந்துவிட்டு வாருங்கள் என்றார். காற்று இறங்கிய சக்கரங்கள் நகராததால், அப்பாக்கள் நாலு காற்றாலைகளையும் வழியிலிருந்து இழுத்து ஓரம் போட்டார்கள்.

ராய்ஸ் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். பிள்ளைகள் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியே காற்றாலைகளைச் சுற்றிப் போட்டது. வரிசைகள் ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி வளைந்தன. ஒன்றுமில்லாத இடத்தில் பிரிந்து, திரும்பக் கூடின. இறக்கைகளுக்கடியில் மாட்டி வைத்திருந்து, நடுவில் எடுத்துச் சுழற்ற வேண்டிய கொடிகள் புல்லில் கிடந்தன. பெண்கள் குனிந்து பொறுக்கினார்கள். இதெல்லாம்கூடப் போகட்டும். டெஸ்ஸா மறைந்து நிற்க வேண்டிய இடத்தில் மறைப்பு இல்லை. அத்தனை ஜனத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, வெட்டவெளியில், தன் முறை வரும்வரை அவள் தனியாக நின்றாள். என்ன நடக்கிறது என்று கூட்டத்துக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவன், அந்தப் பெண் இடம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்றான். ராய்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவள் திரும்பி வாசித்தாள். சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல். அவனுக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் தன் மகள் இவ்வளவு பெரியவளாகிவிட்டாள் என்பது அந்த நாற்பது நொடியில்தான் அவனுக்குத் தெரிந்தது. அதற்குச் சந்தோஷப்படக்கூட அவனுக்கு நேரமில்லை.

மதியம் மூன்று மணிக்கு முடிவு. எல்லாப் பள்ளிகளின் தலைமைப் பிள்ளைகளும் மைதானத்தில் வரிசையாக நிற்க, ஒலிபெருக்கியில் ஐந்தாவது இடத்திலிருந்து பேர் வாசித்துக்கொண்டே வந்தார்கள். ஐந்திலும் டெல்வின் இல்லை. ஆறாவது.

ராய்ஸ் ஒளிந்துகொள்ளவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பஸ்ஸுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் முன்னால் போய் நின்று, தப்பு என்னுடையது, சக்கரத்தை மாற்றியவன் அளக்கவில்லை, உங்கள் வருஷத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். அவர்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். ஒவ்வொருவராக வந்து அவனைக் கட்டிக்கொண்டார்கள். பெரிய குழல் சுமக்கும் தடிப் பையன் ஒருவன், "நீங்க இல்லைன்னா எங்ககிட்ட காத்தாடியே கிடையாது, குபேனா சார்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினான். எல்லோரும் வந்தார்கள். டெஸ்ஸா மட்டும் வரவில்லை.

அவள் வாடகை வண்டிக்குப் பின்னால், பம்பரில் உட்கார்ந்திருந்தாள். சீருடையின் மேல்சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். கோபமாக இருக்கிறாள், இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ராய்ஸ் பக்கத்தில் போனான். மன்னித்துவிடு என்று ஆரம்பித்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எனக்குத் தெரியும்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உயரம். புதன்கிழமை பசங்க வாடகை வண்டியில படுக்க வச்சு ஏத்திப் பார்த்தப்போ, போன தடவை இடிக்காத உச்சி இடிச்சுது. சாயங்காலம் நான் டேப் எடுத்து அளந்தேன். பன்னிரண்டு மூணு. உங்ககிட்ட சொல்லத்தான் கொட்டகைக்கு வந்தேன்."

அவனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. புதன்கிழமை. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி வேலை. காலில் மூன்று அங்குலம் அறுத்து ஒட்டினால் முடிந்தது. "அப்போ ஏன்டி சொல்லலை?" என்று குரலை உயர்த்தி ஓர் அடி முன்னால் வைத்தான்.

அவள் பின்னால் சாய்ந்தாள். வண்டிக் கதவில் முதுகு இடிக்கும்வரை சாய்ந்தாள். யோசித்துச் செய்ததல்ல, பழக்கம். தோள் தானாக ஒடுங்கியது. அவன் கையை ஓங்கியதே இல்லையே, இந்தப் பெண் எதற்கு ஒடுங்குகிறாள் என்று ஒரு கணம் அவனுக்குத் திகைப்பாக இருந்தது. அடுத்த கணம் இல்லை.

"நீங்க விசிலடிச்சுட்டு இருந்தீங்க" என்றாள் டெஸ்ஸா. "நான் இப்போ சொன்னா நாலையும் இழுத்துட்டுப் போய் ஓடையில போட்டுருவீங்கன்னு நெனச்சேன். திரும்ப அந்த நாற்காலியில போய் உட்கார்ந்துருவீங்கன்னு நெனச்சேன். ஒரு தடவை அளந்தாச்சே, மறுபடி அளக்க மாட்டாங்கன்னு..."

ராய்ஸ் பம்பரில் உட்கார்ந்தான். அளவில் தவறியது மூன்று அங்குலம். அந்த மூன்று அங்குலத்தை வீட்டில் ஒருத்தியால் அவனிடம் சொல்ல முடியவில்லை. இரண்டு வருஷமாக அவன் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்த வேலை இதுதான் என்று இப்போது தெரிந்தது. மூன்று விரல் போனபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எஸ்கமியா சாரிடமும் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன் என்றாள். எல்லோரும் உங்கள் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது என்றாள்.

ராய்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இதே பிள்ளைகளோடு பள்ளி முடிகிற மே மாதம் வரை அவள் ஒரே அறையில் உட்கார வேண்டும். நாற்பத்தேழு பேர். தெரிந்தே விட்டாள் என்றால் எவன் மன்னிப்பான்? தன்னையென்றால் என்ன சொன்னாலும் போகட்டும்.

"சொல்லாதே" என்றான். "என் தப்புதான். என் தப்பாவே இருக்கட்டும். நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே, என்ன?"

அவள் அவனையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரிப்பா" என்றாள்.

பிள்ளைகள் பள்ளிப் பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும் என்பது விதி. டெஸ்ஸா ஏறினாள். அவளுக்கென்று ஜன்னலோரம் இடம் விட்டிருந்தார்கள். கண்ணாடி வழியாக ராய்ஸுக்குத் தெரிந்தது: பக்கத்திலிருந்த பெண் அவள் தோளில் கை போட்டு என்னவோ சொன்னாள். முன் இருக்கைப் பையன் திரும்பி அவள் தலையைத் தட்டினான். உங்கள் அப்பாமேல் தப்பில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். டெஸ்ஸா தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

மகளைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் ராய்ஸ் கையசைத்தான். பஸ் கிளம்பி, வாயிலைக் கடந்து, நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பிய பிறகுதான் தான் செய்த காரியம் அவனுக்கு உறைத்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பயமில்லாமல் ஒன்றைச் சொல்ல எழுந்திருந்தாள். உட்கார வைத்துவிட்டான்.

லோர்னா வண்டியில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டாள். ஊருக்கு இரண்டு மணி நேரப் பாதை. அவன் சாலையைப் பார்த்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.