போனில் வராத சிவப்புப் பெட்டி

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அன்றைக்கும் நிற்கவில்லை, நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதலமடை மாங்காய் விவசாயிகள் சங்கத்துக்கு மருந்தடிப்புக் கையேடு எழுதுவது என் வேலை. ஒரே கோப்புதான். தலைப்புக்கு முன்னால் ஒரு குறி, அழுத்திச் சொல்ல இரண்டு நட்சத்திரம், மற்றதெல்லாம் சாதாரண எழுத்து. அதிலிருந்தே அச்சுப் புத்தகமும் வரும், போனில் படிக்கிற பக்கமும் வரும்.

அதில் அருள்குமார் சார் கை வைத்தார். அச்சு வேலைக்குப் பொறுப்பு அவர். வெளியீட்டு விழாவில் புத்தகம் பளபளவென்று இருக்க வேண்டுமாம். என் எச்சரிக்கைகளை எல்லாம் அச்சுக் கோக்கும் மென்பொருளுக்கு மட்டுமே புரிகிற கட்டளைகளுக்குள் பொதிந்து, சிவப்புப் பெட்டியாக்கிவிட்டார். போன் பக்கத்தை உருவாக்கும் மென்பொருளுக்கு அந்தக் கட்டளை புரியாது. புரியாவிட்டால் கத்தவாவது செய்யுமா? செய்யாது. கட்டளையோடு உள்ளே இருக்கிற வாக்கியத்தையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

"ஏனுங் சார், இது போன்ல வராதுங்களே" என்று அப்போதே கேட்டேன்.

"அட, மொதல்ல புக்கு வரட்டும் ஜீவிதா. போனைப் பொறவு பாத்துக்கலாம்."

பொறவாம், பொறவு! நான் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டுப் போயிருந்த நேரம், அந்தப் போன் பக்கத்தை அப்படியே சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார் அந்த மகராசன்.

திரும்பி வந்ததும் என் தாய்மாமன் குப்பண்ணன் தோப்புக்குக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பூங்கொத்துகள் கருகித் தொங்கின. தொட்டால் கையோடு உதிர்ந்தன. இந்த வருசம் அந்தத் தோப்பில் மாங்காய் இல்லை.

"சாம்பல் நோய்க்குக் கந்தகம், தத்துப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்னு அடுத்தடுத்து போட்டிருந்துச்சு அம்மிணி. மருந்தடிக்க ஆளு கெடைக்கறதே பெரும்பாடு. ஒரே டிரம்முல கலந்து ஒரே வாட்டியா அடிச்சுப்போட்டேன்" என்றார் மாமா. அழவில்லை. எனக்குத்தான் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

கந்தகத்துக்கும் வேப்பெண்ணெய்க்கும் நடுவில் நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: இரண்டையும் கலக்காதீர்கள், பூ கருகிவிடும்.

வண்டியை விரட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். அருள்குமார் சார் மாதிரிக்கு வந்த ஒரு புத்தகத்தை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இங்க பாரு, எவ்வளவு பெருசா, செவப்பா இருக்குது! புக்கைப் படிச்சிருந்தா இப்படி ஆகுமா?"

"புக்குக் கட்டை இன்னும் பிரிக்கவே இல்லீங்களே சார்! விழாவுக்குன்னு மூலையில அடுக்கி வெச்சிருக்கீங்க. மாமாவுக்கு எங்கிருந்து கெடைக்கும்?"

நான் கணினி முன்னால் உட்கார்ந்து அவருடைய கட்டளைகளை ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிந்தேன். ஊரில் இன்னும் மருந்தடிக்காத தோப்புகள் இருந்தன. எச்சரிக்கைகளுக்கு வெறும் நட்சத்திரம் போட்டுப் பக்கத்தைப் புதுப்பித்து, குழுவில் போட்டேன்.

"அடுத்த பதிப்புல பெட்டி வராதே? புக்கு அசிங்கமா இருக்குமேம்மா" என்றார் மெதுவாக.

"இருக்கட்டுமுங்க! கருகுன பூவை வந்து பாருங்க, அது எவ்வளவு அழகா இருக்குதுன்னு!"

"கலக்கறதுக்கு முன்னால உங்க மாமா யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

அங்கேதான் என் குரல் உடைந்தது. தோப்பில் மருந்தடித்த மொக்கையன் அண்ணன் காலையில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"மொக்கையண்ணன் வேண்டாம்னு தடுத்திருக்காருங்க சார். மாமா போனை எடுத்துக் காட்டி, 'இது எங்கக்கா புள்ள எழுதுனது. கலக்கக் கூடாதுன்னா அவ எழுதியிருக்க மாட்டாளா'ன்னு கேட்டிருக்காரு."

அருள்குமார் சார் விரித்திருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"எழுதியிருந்தேனுங்க சார்."