சான் ரோகேயின் இரண்டாம் பக்கம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான்தான். காண்டிலாய் என்ற கடலோர ஊரின் பங்குக் கோயிலின் திருவிழா மலருக்கு வருஷா வருஷம் வரலாறு எழுதிக் கொடுக்கும் பள்ளிக்கூட வாத்தியார். 'நான்' என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு நானே வக்கீலாகிவிடுகிறேன் (முதல் மூன்று படிகளைக் கிழித்துப் போட்டது அதனால்தான்). ஆகவே இனி அந்த ஆளின் பெயர் ரெமிஹியோ. அவரைத் தாராளமாகத் திட்டலாம்.

முதல் தொடக்கம்: 'பவளக்கல்லால் எழுந்த அப்பழம்பெரும் ஆலயத்தின் மீது அந்திச் சூரியன் தன் பொற்கிரணங்களை…'

வேண்டாம். சூரியனை விட்டால் அடுத்த வரியில் கொக்கு வந்து நிற்கும்.

இரண்டாம் தொடக்கம்: கோயில் ஒழுகியது. தலைநகரிலிருந்து அதிகாரிகள் வந்து, இது வரலாற்றுச் சின்னம் என்று பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி கிடையாது. ஒழுகலும் வரலாற்றுச் சின்னமாகிவிட்டது. ஒவ்வொரு பெஞ்சிலும், ஒவ்வொரு மின்விசிறியிலும் கொடுத்த குடும்பத்தின் பெயர் எழுதியிருக்கும். குப்பைத்தொட்டியைக் கொடுத்தவர்கள் மட்டும் அடக்கமானவர்கள். பெயரைத் தொட்டியின் உள்பக்கம் எழுதியிருந்தார்கள்.

இதையே வைத்துக்கொள்வோம்.

2

மலர் அச்சுக்குப் போகும் சமயம், வாழ்த்து விளம்பரங்களுக்கு நடுவே ஒரு பக்கம் காலியாக இருந்தது. பங்குச்சாமியார் ஆன்செல்மோ ரெமிஹியோவைக் கூப்பிட்டார்.

"சார், பக்கத்துப் பங்குல மாதா கண்ணீர் விடுறாங்க. நம்ம பாதுகாவலர் சான் ரோகே நூத்தம்பது வருஷமா சும்மாவே நிக்கிறாரு. ஒரு புதுமை, ஒரு அற்புதம்கூட இல்லியா?"

"தேடிப் பாக்குறேன் ஃபாதர்."

ரெமிஹியோ தேடவில்லை. எழுதினார். 1897இல் கடல் பொங்கி வந்தபோது புனிதர் பீடத்திலிருந்து இறங்கி வாசலில் நின்றார், தண்ணீர் மூன்றாம் படியோடு திரும்பிப் போயிற்று. ஆதாரம், ஒரு ஸ்பானியப் பாதிரியாரின் கடிதம்.*

(* கடிதம் கிடையாது. பாதிரியாரும் கிடையாது. அவருக்கு மூலவியாதி இருந்ததாகச் சேர்த்தது நம்பகத்தன்மைக்காக.)

இரண்டே வருஷத்தில் அந்தப் புதுமைக்குச் சாட்சிகள் முளைத்துவிட்டார்கள். அதில் முதல் ஆள் பிரிஸ்கா, ஊருக்கே 'மானா', அதாவது அக்கா. வயது அறுபத்து மூன்று, கட்டை குட்டையான உடம்பு, ஊரே கேட்கும் குரல். சான் ரோகேயின் சிலைக்கு, அந்தச் சுரூபத்துக்கு, உடுத்திவிடும் உரிமை அவள் குடும்பத்துக்குத்தான். அவள் தொடாமல் புனிதரின் பொத்தானைக்கூட யாரும் போட முடியாது.

"எங்க பெரிய அத்தை கண்ணால பாத்துச்சு சார்."

"அது ஆயிரத்து எண்ணூத்துச் சொச்சம், மானா."

"அத்தைக்கும் வயசு ஜாஸ்திதான்."

3

நவம்பரில் புயல் எச்சரிக்கை வந்தது. கடல் ஊருக்குள் வரும், எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று ஊர்த்தலைவர் காலையிலிருந்து ஒலிபெருக்கியில் கத்தினார். ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். மூன்றாம் படிக்கு மேலே, நானூறு பேர்.

அந்த மூன்றாம் படி ரெமிஹியோவின் கைச்சரக்கு. பிரிஸ்காவிடம் போனார்.

"மானா, அந்தப் புதுமைய நான்தான் எழுதினேன்."

"தெரியுமே. அருமையா எழுதியிருந்தீங்க."

"அது பொய், மானா! நானாக் கட்டினது!"

அவள் பரிதாபமாகப் பார்த்தாள். "அப்படித்தான் உங்களுக்குத் தோணும். உங்க கையப் புடிச்சு அவருல்ல எழுதியிருக்காரு."

பக்கத்தில் இருந்த ஒரு மீன்காரர் சொன்னார்: "சாருக்குப் பயத்துல மூளை கலங்கிருச்சு. யாராச்சும் ஒரு மடக்கு கள்ளு குடுங்கப்பா."

உண்மை டெபாசிட் இழந்தது.

4

ரெமிஹியோ பூசை அங்கிகள் தொங்கும் உள்ளறைக்குள் போய், ஞானஸ்நானப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் அந்தப் பாதிரியார் கடிதத்தின் 'இரண்டாம் பக்கத்தை', புனிதரே அவரிடம் சொன்னதாக, எழுதினார்:

'கடல் மறுமுறை பொங்கும் நாளில் என்னை மேட்டுக்குத் தூக்கிச் செல்லுங்கள்.'

படித்துப் பார்த்தார். மொட்டையாக இருந்தது. புனிதரின் காலடியில் ஒரு மர நாய் உண்டு, வாயில் ரொட்டியோடு. தனியாகக் கழற்றி எடுக்கலாம். ரெமிஹியோ ஒரு வரி சேர்த்தார்: 'என் நாய் எனக்கு முன்னால் நடக்கட்டும்.'

[ஏன் சேர்த்தேன் என்று கேட்காதீர்கள். ஓசைக்காக.]

பழைய கடிதத்தின் நகல் என்று ரெமிஹியோ நீட்ட, சாமியார் அதைப் பீடத்தில் நின்று வாசித்தார். ஒருவரும் சந்தேகப்படவில்லை. உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் காண்டிலாயில் புனிதர் வெளியே கிளம்புவதென்றால் சும்மாவா?

"ஊர் வழியாப் போறவரை வீட்டு அங்கியோடவா அனுப்புவீங்க?" என்றாள் பிரிஸ்கா. வெல்வெட் அங்கியை எடுத்தாள். காலணிக்கு மெழுகு தேய்த்தாள். பல்லக்கின் முன் இடப்பக்கத் தண்டு யார் தோளுக்கு என்று மூன்று குடும்பங்கள் சண்டை போட்டன. எக்காளக்காரனைக் காணோம் என்று ஆள் போனது. தகரக் கூரைகள் பறக்க ஆரம்பித்த பிறகும் பாட்டு எதில் தொடங்குவது என்று பேச்சு ஓடியது. இரண்டு மணி நேரம்.

ஒரு வழியாகப் பகல் ஒரு மணிக்கு நானூறு பேரும் மழையில் பாடிக்கொண்டே மேடேறினார்கள். ரெமிஹியோ தன் வாக்கியத்தை எண்ணிப் பூரித்துப்போனார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் சுரூபத்தை இறக்கி வைத்ததும் பிரிஸ்கா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கோல் இருந்தது. தொப்பி இருந்தது. தண்டுச் சண்டையில் நாயை யாரும் எடுக்கவில்லை.

"முன்னால நடக்கட்டும்னு சொல்லியிருக்காரே சார்."

"மானா, அது சும்மா அழகுக்கு எழுதினது. சத்தியமா!"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" அவள் சிரித்தாள். ரெமிஹியோ அவள் கையைப் பிடித்தார். அவள் பலசாலி, உதறிவிட்டாள். "அரை மணில வந்துருவேன். கருவாடு சுட்டா எனக்கும் ரெண்டு எடுத்து வைங்க."

ரெமிஹியோ பின்னால் ஓடவில்லை. (கிழித்துப் போட்ட படியில் ஓடினார். பொய். நான் ஓடவில்லை.)

5

முடிவு அ: பிரிஸ்கா நாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எல்லோரையும் திட்டியபடி மேடேறி வருகிறாள். கருவாடு ஆறிப்போயிருக்கிறது.

முடிவு ஆ: தண்ணீர் மூன்றாம் படியோடு நிற்கிறது. நான்காம் படியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். என் பொய் உண்மையாகி, நான் கோயிலுக்குப் போய் மண்டியிடுகிறேன்.

நடந்தது: கடல் கதவை உடைத்து உள்ளே போனது. நாய் மூன்றாம் நாள் சதுப்பு மரங்களுக்கிடையில் கிடைத்தது, வாயில் ரொட்டியோடு. பிரிஸ்காவை

(இந்த வாக்கியத்தைப் பதினோரு தடவை தொடங்கிவிட்டேன்.)

போன வாரம் சாமியார் வீட்டுக்கு வந்தார். அவள் நாயோடு அலைமேல் நடந்து போனதைப் பார்த்ததாக ஏற்கெனவே ஆறு பேர் சொல்கிறார்களாம்.

"இந்த வருஷ மலருக்கு எழுதிக் குடுங்க சார். உங்களுக்குத்தான் அந்த நடை வரும்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானூறு பேர் உயிரோட இருக்காங்க. அதையும் நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்க்கிறேன். தினமும்தான். நானூறைச் சொல்லிப் பார்க்கிறேன், மனசு ஒன்றிலேயே போய் நிற்கிறது.

எழுத மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் எந்த முடிவை எழுதினாலும் அடுத்த வருஷம் அதைக் கண்ணால் கண்டவர்கள் வந்துவிடுவார்கள். எனவே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளை அலைமேல் நடக்க வையுங்கள், படியில் உட்கார வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரண்டாம் பக்கத்துக்கு வரும்போது அந்த நாயை எழுதாமல் விட்டுவிடுங்கள். வாக்கியம் கொஞ்சம் மொட்டையாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.